நன்றியுள்ள நண்பனுக்கு ஒரு நிழற்படம்



சுபாங் ஜெயாவில் எஸ்.எஸ். 14, எஸ்.எஸ். 19 போன்ற வட்டாரங்களில் காலை வேளையில் நடந்து பாருங்கள். நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டிலாவது இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒரு நாய் எழுந்து வந்து உங்களை விசாரிக்கும். 1976-ஆம் ஆண்டில் வீடமைப்புப் பணிகள் தொடங்கும்வரை இந்த ஊர் சீபீல்டு ரப்பர் தோட்டமாக இருந்தது. பால் மரம் போய்விட்டது, லயம் போய்விட்டது, நாய் மட்டும் நம்மோடு தொடர்ந்து வந்திருக்கிறது.

அந்த நாயின் நல்ல படம் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறதா? கைப்பேசியில் நூறு படங்கள் இருக்கலாம். அவற்றில் அதன் முகம் தெளிவாகத் தெரிவது எத்தனை? நாயைப் படம்பிடிப்பதில் உள்ள இடர்ப்பாடுகளையும் அவற்றை வெல்லும் வழிகளையும் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நாயின் உருவத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் தமிழர்களுக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நாட்டப்பட்டது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட ஒரு வீரனையும், கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் ஒரே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயரையும் மறவாமல் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன்.

நம் பாட்டன்மார் காலத்து 'நாய் மார்க்' இசைத்தட்டை நேயர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். குழாயருகே செவி சாய்த்து அமர்ந்திருக்கும் அந்த நாயின் பெயர் நிப்பர். அது 1895-இல் இறந்துபோனது. பிரான்சிஸ் பராட் என்ற ஓவியர் அதன் படத்தைத் தீட்டி முடித்ததோ 1898-இல். செல்லப் பிராணி போன பிறகும் அது தலையைச் சாய்க்கும் விதம் அவர் மனத்தில் தங்கியிருந்தது. ஓவியருக்கு நினைவு போதும். கேமராவுக்கு நாய் உயிரோடு எதிரில் இருந்தாக வேண்டும். ஆகவே காலம் கடத்தலாகாது.

சரி, இடர்ப்பாடுகளுக்கு வருவோம்.

முதலாவது, உயரம். நாம் நின்றபடியே குனிந்து எடுக்கிறோம். படத்தில் பெரிய தலையும் குட்டையான கால்களுமாக ஏதோ ஒரு பிராணி தெரிகிறது. எலியட் எர்விட் என்ற புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர், 2023-இல் காலமானவர், 1946-இல் நியூயார்க்கில் ஒரு படம் எடுத்தார். கேமராவைத் தரைமட்டத்துக்கு இறக்கினார். ஒரு பெண்மணியின் காலணிகளுக்குப் பக்கத்தில், சட்டை போட்ட குட்டி நாயொன்று நம்மை நேராகப் பார்க்கிறது. பெண்மணியின் முகம் படத்திலேயே இல்லை. அந்தப் படத்தின் நாயகன் நாய்தான். நாமும் முழங்காலிட்டு, வேண்டுமானால் தரையில் படுத்து, நாயின் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும்.

இரண்டாவது, நாயின் கவனம். 'இங்கே பார், சிரி' என்று அதனிடம் சொல்ல முடியாது. சிவப்புப் பந்தைப் புல்தரையில் ஆட்டிக் காட்டிப் பயனில்லை. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் வேறுபட்டுத் தெரிவதில்லை. நீலமும் மஞ்சளும்தான் நன்கு தெரியும். ஆகவே நீலப் பந்தோ மஞ்சள் பந்தோ எடுங்கள். அதைவிடச் சிறந்தது புதிய ஓசை. எர்விட் தாமே குரைத்துக் காட்டுவாராம்! ஓசை கேட்டதும் காது நிமிரும், தலை சாயும். அந்த ஒரு நொடிதான் உங்களுக்கு. ஐந்தாம் முறை அதே ஓசையை எழுப்பினால் நாய் கொட்டாவி விடும்.

மூன்றாவது, அசைவு. ஓடும் நாயைத் தெளிவாகப் பிடிக்க 500-இல் ஒரு பங்கு நொடியோ அதைவிடக் குறைந்த நேரமோ வேண்டும். அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும். ஆனால் நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே இறங்கி, கண்களைக் குழிநிழலில் மறைத்துவிடுகிறது. காலை ஏழரையிலிருந்து ஒன்பது மணிவரையும், மாலை ஐந்தரைக்குப் பிறகும் எடுப்பது நலம். இரவில் மின்னொளி வீச வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு. அதனால்தான் படத்தில் அதன் கண்கள் பேய்க் கண்களைப் போல் பச்சையாக எரிகின்றன.

நான்காவதுதான் பெரிய இடர்ப்பாடு. அது நாயின் நிறம். இதை விளக்க என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் வீரன் என்ற கறுப்பு நாய் இருந்தது. விடியற்காலையில் அம்மா பால் வெட்டப் போகும்போது முன்னால் போகும். பாம்பு கிடந்தால் நின்று குரைக்கும். 1992-இல் தோட்டம் விற்கப்பட்டது. எங்களுக்குக் கிடைத்த அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்க்க அனுமதியில்லை. புறப்படுவதற்கு முதல் நாள், மாமா இரவல் வாங்கி வந்த கேமராவில் குடும்பப் படம் எடுத்தார். சுருளில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். நண்பகல் நேரம், பின்னால் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய லயத்துச் சுவர். வீரன் எங்கள் காலடியில் உட்கார்ந்திருந்தது.

படம் கழுவி வந்தபோது ஆறு மனிதர்கள் தெரிந்தோம். கீழே கறுப்பாக ஏதோ ஒன்று. கண் இல்லை, மூக்கு இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் இன்றும், "அது என்ன, பையா?" என்று கேட்பார்கள். "அது வீரன்" என்பார் அம்மா. கோயில் பூசாரி சோறு வைப்பதாகச் சொன்னதால் வீரனை அவரிடம் விட்டு வந்தோம். ஆனால் லயத்தை இடிக்கும்வரை அது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் படுத்திருந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

படம் ஏன் அப்படி ஆயிற்று என்பதை, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயிற்றுத் துணைப்பொருள் பாடத்தின்போதுதான் புரிந்துகொண்டேன். தானியங்கிக் கேமரா, எதிரில் உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமானது என்று எண்ணிக்கொண்டு ஒளியை அளக்கிறது. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால், 'வெளிச்சம் அதிகம்' என்று கருதி ஒளியைக் குறைத்துவிடும். கறுப்பு நாய் கரிக்கட்டியாகிவிடும். கறுப்பு நாயே படம் முழுவதையும் அடைத்துக்கொண்டால், ஒளியைக் கூட்டிவிடும். நாய் சாம்பல் பூத்துத் தெரியும். வெள்ளை நாய்க்கு இதற்கு நேர்மாறாக நடக்கும். குற்றம் நாயின்மேல் இல்லை; மாமாவின்மேலும் இல்லை.

இதற்கு வழி எளிது. கறுப்பு நாயை வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தாதீர்கள். செம்பருத்தி வேலியைப் போன்ற அடர்பச்சைப் பின்னணி போதும். திறந்த வாசலுக்கு உள்பக்கம், நிழலில் அமர வைத்துப் பக்கவாட்டில் ஒளி விழச் செய்யுங்கள். அப்போது உரோமத்தில் மினுமினுப்பு வரும். விழியில் ஓர் ஒளிப்புள்ளி தோன்றும். அந்தப் புள்ளிதான் படத்துக்கு உயிர். கைப்பேசியானால் திரையில் நாயின் கண்ணைத் தொட்டு, பிறகு வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். அம்பாங்கில் உள்ள பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்தைப் போன்ற காப்பகங்களில், வீடு தேடிக் காத்திருக்கும் நாய்கள் இருக்கின்றன. இப்போது பலர் படத்தைப் பார்த்த பிறகே நேரில் போகிறார்கள். முகம் தெரியாத கறுப்பு நாயை யார் கேட்டு வருவார்கள்? நல்ல படம் ஒன்று ஒரு நாய்க்கு வீடு வாங்கித் தரக்கூடும்.

நான் வேலை செய்யும் பள்ளியின் பெயரில் 'லாடாங்' என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது; சுற்றிலும் தோட்டம்தான் இல்லை. அங்குள்ள மாணவர்களுக்கு ஒரு முறை மூன்று சவால்கள் கொடுத்தேன். ஒன்று, முகத்தைக் காட்டாமல் உங்கள் நாயைக் காட்டுங்கள். இரண்டு, நாயின் கண்மட்டத்திலிருந்து உங்கள் வீட்டைக் காட்டுங்கள். மூன்று, நாய்க்கும் வீட்டில் ஒருவருக்கும் உள்ள உறவைக் காட்டுங்கள்.

ஒரு மாணவி தாத்தாவின் தேய்ந்த செருப்பையும் அதன்மேல் வைத்த ஒரு முன்னங்காலையும் எடுத்து வந்தாள். இன்னொருவன் பூச்செடிக்கு அடியில் நாய் படுத்துப் படுத்துக் குழிந்துபோன மண்ணை மட்டும் எடுத்து வந்தான். நாயே இல்லாத நாய்ப் படம்! நான் சொல்லிக்கொடுத்ததைவிட அவர்களிடம் கற்றுக்கொண்டதே அதிகம்.

ஓர் எச்சரிக்கை. பிறர் நாயை உரிமையாளரின் அனுமதியின்றி நெருங்காதீர்கள். காதை மடக்கி, உதட்டை நக்கி, கண்ணின் வெண்மையைக் காட்டினால் அது அஞ்சுகிறது என்று பொருள்; கேமராவைக் கீழே வையுங்கள். பொது இடத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். நாயைத் தொடாத வழக்கமுடைய அண்டை வீட்டாரும் நம்மோடு வாழ்கிறார்கள். அவர்களுக்கு வழிவிட்டு நடப்பது நம் கடமை.

நேயர்களே, நாயின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். சிலவற்றுக்குச் சற்றுக் கூடுதல். நம் பிள்ளை ஆரம்பப் பள்ளியில் சேரும்போது வந்த குட்டி, அவன் இடைநிலைப் பள்ளியை முடிக்கும்போது கிழமாகிவிடும். இன்று மாலை வெயில் தணிந்ததும் வாசலில் அதன் எதிரே முழங்காலிட்டு உட்காருங்கள். அதன் கண்ணைப் பாருங்கள். ஒரு படம் எடுங்கள். எடுத்ததை அச்சிட்டு, பின்புறத்தில் அதன் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். எடுத்தனூர்க்காரர்கள் கல்லிலே செய்ததை நாம் ஒரு தாளிலாவது செய்யலாம் அல்லவா?