பட்டிக்கு அடியில் இருக்கும் கார்

பழைய காரைப் புதுப்பித்திருக்கிறார்கள் என்றால் நம் கண் முதலில் பெயின்டின் பளபளப்புக்குத்தான் போகிறது. பெயின்ட் கடைசியில் வரும் வேலை. சேஸிஸ் எப்படி இருக்கிறது, அதன்மேல் பாடி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்தே இந்தக் கலையை மதிப்பிட வேண்டும். பட்டறைக்குக் கூலி கிடைப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் மினுக்குக்காக. வீட்டுக் கொட்டகையில் இரண்டு நண்பர்கள் நிதானமாகச் செய்தால் மறைந்திருக்கும் வேலை அதைவிட ஒழுங்காக நடக்கும் என்பது என் கட்சி.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். 1959-ல் பிரிட்டனில் டிரயம்ஃப் ஹெரால்டாக வெளிவந்த கார் இது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. மற்ற நிறுவனங்கள் பாடியையும் சேஸிஸையும் ஒரே கூடாக்கிக்கொண்டிருந்த காலத்தில், முழு பாடியையும் செய்து தர ஆலை அமையாததால், தனி சேஸிஸின்மேல் பல பகுதிகளைப் போல்ட் போட்டு முடுக்கும் முறைக்கு அந்த பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் போனார்கள். அன்றைய நெருக்கடி இன்று வீட்டில் கழற்றிப் பார்ப்பவருக்கு வசதி. கூடவே ஒரு வம்பும் உண்டு. முன்கதவின் கீல் பாடியின் முன்பகுதியில் இருக்கிறது, பூட்டு விழும் இடம் பின்பகுதியில். சேஸிஸின் பக்கக் கைகள் துருவில் தளர்ந்தால் கதவு இடிக்கும். கதவைத் தட்டிப் பட்டி பூசினால் நோவு அப்படியே கிடக்கும். ஆகவே சேஸிஸைத்தான் சரிசெய்ய வேண்டும்; அதற்கு, கதவு வாய்களுக்குக் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைத்த பிறகே பாடியைத் தூக்க வேண்டும். சேஸிஸை மட்டமான தரையில் ஸ்டாண்டுகள்மேல் நிறுத்தி மூலைக்கு மூலை அளந்தால் இரு குறுக்களவுகளும் ஒத்துவர வேண்டும். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும் அல்லவா? 'போதும், பெயின்ட் அடித்துவிடலாம்' என்று கை சலிக்கும்போது, 'இங்கே இன்னும் துரு இருக்கிறது' என்று சொல்லவும் அவர்தான் வேண்டும்.

வெல்டிங் விளையாட்டல்ல என்று சிலர் எச்சரிப்பார்கள். சரியான எச்சரிக்கை. பாரம் தாங்கும் இணைப்புகளைத் தேர்ந்த வெல்டரிடம் விட்டுவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். கழற்றுவது, சுரண்டுவது, அளப்பது, திரும்பத் திரும்பப் பொருத்திப் பார்ப்பது என்று பொழுதைத் தின்பதெல்லாம் நண்பர்களால் ஆகிற காரியம். மெல்லிய தகட்டை ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் சூட்டில் நெளியும். புள்ளி புள்ளியாக வைத்து ஆறவிடும் பொறுமை, நாள் கணக்குப் பார்க்காதவர்களிடம் அதிகம்.

தகட்டை மாற்றினால் பழைமை போய்விடாதா என்பது கனமான கேள்வி. 50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிய 2021-ல் வந்த மத்திய அரசு விதியும் சேஸிஸிலோ பாடியிலோ மாற்றம் கூடாது என்கிறது. எனவே உறுதியான தகட்டைத் தொடக் கூடாது. அரித்த இடத்தை மட்டும் வெட்டி, அதே வடிவிலும் கனத்திலும் புதுத் தகடு வைக்க வேண்டும். சேஸிஸ் எண்ணுக்குப் பக்கத்தில் கிரைண்டரே போகக் கூடாது. துரு பிடித்ததை அப்படியே வைத்திருப்பதைப் பாதுகாப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது, அதிலும் கடற்காற்று வீசும் ஊரில்.

புதுப்பித்த கார் வாங்கப் போகும் நேயர்கள், பாடியை இறக்கி வைத்தபோது எடுத்த சேஸிஸ் படங்களைக் கேளுங்கள். கையோடு ஒரு சிறு காந்தமும் கொண்டுபோங்கள். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் அது ஒட்டாது.