இன்புளுவென்சாவும் வைத்தியசாலையும்



நோயுற்றோரைச் சென்று காண்பதை நம் பெரியோர் அறமாகக் கொண்டனர். அவ்வறம் தீங்காய் முடியாமல் காப்பது எவ்வாறு என்பது பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

இன்புளுவென்சா பிடித்தவர், நோய்க்குறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்னரே அதனைப் பிறருக்குத் தொற்றச் செய்யலாம். ஆகையால் வாயிலில் நின்று பார்த்து மட்டும் அதனைத் தடுத்துவிட முடியாது. வைத்தியசாலை முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும்.

முதலாவது, தடுப்பூசி. இக்கிருமி அடிக்கடி உருமாறுவதால், தடுப்பூசியில் எவை சேரவேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் ஆண்டுக்கு இருமுறை ஆராய்ந்து கூறுகின்றது. வைத்தியரும் தாதிமாரும் சிற்றூழியரும் அதனை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளல் நன்று.

இரண்டாவது, பிரித்து வைத்தல். இருமலும் காய்ச்சலும் உடையோருக்கு வாயிலிலேயே முகக்கவசம் கொடுத்து வேறிடத்தில் இருத்துவர். தனியறை இல்லையேல், இந்நோய் உறுதியானோரை ஒரே விடுதியில் இடைவெளி விட்டுக் கிடத்துவர்.

மூன்றாவது, கைகழுவுதல். கட்டிற் கம்பியிலும் கதவுப்பிடியிலும் இக்கிருமி 24 முதல் 48 மணி நேரம்வரை நிலைத்திருக்கக்கூடும். ஒருவரைத் தொட்ட கை, கழுவாமல் மற்றொருவரைத் தொடலாகாது. காய்ச்சல் கண்ட ஊழியர் வீட்டில் நிற்பதே கடமை.

இத்தனை ஏற்பாட்டையும் குலைக்க வல்லவர் யார்? இருமிக்கொண்டே பழங்களோடு பார்க்க வரும் உறவினரே! நமக்கு ஒரு கிழமையில் மாறும் நோய், அடுத்த கட்டிலிலுள்ள முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் நியூமோனியாவாக முற்றலாம்.

அன்பர்களே, நமக்குச் சுகமில்லாத நாளில் வைத்தியசாலைக்குப் போகாதிருப்பதும் ஒரு தொண்டே. இதனை நம் இளைஞர் வீடுதோறும் எடுத்துச் சொல்வாராக.