எடைக்கல்லில் மோசடி வேண்டாம்!

(பேரையூரில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

உங்களிடம் ஒரு கேள்வி. 2024 ஆகஸ்ட் மாதம் உங்கள் செல்போனுக்கு ஒரு படம் வந்திருக்கும். பாரிஸ் ஒலிம்பிக்கில் அல்ஜீரியாவின் இமான் கலீஃப், இத்தாலி வீராங்கனையோடு குத்துச்சண்டை செய்கிறார். 46 விநாடியில் இத்தாலிப் பெண் விலகிவிடுகிறார். படத்தின் கீழே, "ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறியவர், பெண்ணை அடித்து நொறுக்குகிறார்" என்று எழுதியிருந்தது. உங்களில் எத்தனை பேர் அதை அடுத்தவருக்கு அனுப்பினீர்கள்? கை தூக்க வேண்டாம். மனதிற்குள் சொல்லிக்கொள்ளுங்கள், போதும்.

உண்மை என்ன? இமான் கலீஃப் பெண் குழந்தையாகப் பதிவு செய்யப்பட்டு, பெண்ணாகவே வளர்ந்தவர். அவர் திருநங்கை அல்ல. இது திருநங்கை பற்றிய விவகாரமே அல்ல என்று ஒலிம்பிக் கமிட்டியே அறிவித்தது. 2023 இல் புதுடில்லியில் நடந்த உலகப் போட்டியில் ஒரு குத்துச்சண்டைச் சங்கம் அவரைத் தகுதி நீக்கம் செய்தது உண்மை. எந்தப் பரிசோதனை, எந்த அளவுகோல் என்ற வாதம் அதன் பிறகும் ஓயவில்லை. 2025 இல் புதிய பரிசோதனை விதியே வந்தது. ஆனால் அது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை மறைத்துவிட்டு "ஆண் மாறி வந்தான்" என்று எழுதியது பச்சைப் பொய்.

அவர் பெயர் முஸ்லிம் பெயர் என்று தெரிந்தவுடன் நம்மில் சிலர் கொதித்தெழுந்தோம். சரிதான். ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்: அந்தப் பெயர் வேறாக இருந்திருந்தால் கொதித்திருப்போமா? அல்லது நாமும் சிரித்துக்கொண்டு அனுப்பியிருப்போமா?

தொலைவில் போக வேண்டாம். நம் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சிக்கு வாருங்கள். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பிறகு பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கை, அவளுக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரிய வேண்டியது, ஊர் ஊராகப் பத்திரிகைத் தலைப்பானது! அன்றைய முதல்வர் கலைஞர் 15 லட்சம் ரூபாய் கொடுத்து ஆதரித்தார். ஆனாலும் 2012 இல் அதே சாந்தி செங்கல் சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். பிற்பாடு படித்துப் பயிற்சியாளரானார்.

சாந்தி பெண்ணாகவே வளர்ந்தவர். பிறவியிலேயே உடலமைப்பில் வேறுபாடு இருப்பது ஒன்று; ஆணாக வளர்ந்து பிறகு தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழும் திருநங்கையின் நிலை வேறொன்று. இரண்டையும் ஒரே சாக்கில் கொட்டியவர்கள் எதிர்ப்பாளர்கள் மட்டுமல்ல. ஆதரவாகப் பேசியவர்களிலும் உண்டு. துவரையையும் உளுந்தையும் கலந்து ஒரே விலைக்கு விற்றால் வியாபாரி என்று சொல்வோமா?

இப்போது பள்ளி விளையாட்டுக்கு வருகிறேன். அமெரிக்காவில் இது பெரிய அரசியல். "நம் பெண் பிள்ளைகளின் பந்தயம் முழுக்கப் பறிபோகிறது" என்று ஒரு தரப்பு இயக்கங்கள் பிரசுரம் போடுகின்றன. கணக்கைப் பாருங்கள். 2022 மார்ச்சில் யூட்டா மாநில ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் தடைச் சட்டத்தில் கையெழுத்திட மறுத்துக் கடிதம் எழுதினார். அந்த மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் 75,000 பிள்ளைகள். அவர்களில் பாலின மாற்றம் கொண்டவர்கள் 4 பேர். பெண்கள் பிரிவில் ஆடியது ஒரே ஒருவர்! அவரும் அதே கட்சிக்காரர்தான். இருந்தும் சட்டமன்றம் அவரை மீறிச் சட்டத்தை நிறைவேற்றியது. கல்லூரி விளையாட்டு அமைப்பின் தலைவர் 2024 டிசம்பரில் செனட் குழுவிடம் சொன்னது: 5,10,000 வீரர்களில் தனக்குத் தெரிந்து 10 பேருக்கும் குறைவு.

பீதியைப் பரப்பினால் யார் தலையில் விழும்? அதே யூட்டாவில் ஒரு பள்ளி மாணவி முதலிடம் பெற்றார். தோற்ற பிள்ளைகளின் பெற்றோர் "இவள் பெண்தானா?" என்று புகார் கொடுத்தார்கள். விளையாட்டுச் சங்கம் அவளது பாலர் வகுப்பு முதலான பள்ளிப் பதிவுகளைத் துருவிப் பார்த்தது. அவள் பிறந்தது முதல் பெண்! ஜெயித்ததுதான் அவள் செய்த குற்றம்.

சகோதரர்களே, இதோடு நான் நிறுத்தினால் நானும் ஒரு பக்கத் தட்டை மட்டும் நிறைத்தவன் ஆவேன். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆதரவு இயக்கங்களில் சில, "உடல் பலத்தில் வித்தியாசமே இல்லை, கேட்பதே வெறுப்பு" என்கின்றன. இதுவும் நேர்மையல்ல. நூறு மீட்டரில் ஆண்களின் உலக சாதனை 9.58 விநாடி, பெண்களின் சாதனை 10.49. இந்த இடைவெளி பருவமடைந்த பின் உடலில் வருவது. மருந்தால் ஹார்மோனைக் குறைத்தாலும், ஓராண்டில் தசை பலம் சிறிதளவே குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இதனால்தான் உலகத் தடகளக் கூட்டமைப்பு 2023 மார்ச்சில், ஆண் பருவ வளர்ச்சி அடைந்தவர்களைப் பெண்கள் பிரிவில் அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்தது. அதே சமயம், பருவமடையாத சிறு பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் மிகக் குறைவு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒலிம்பிக் வீரருக்கும் ஒரே சட்டம் பேசுவது இரு தரப்பும் செய்யும் தவறு.

விடியற்காலையில் மகளை மைதானத்திற்கு அழைத்துப் போகும் தாய், "பந்தயம் நியாயமாக நடக்குமா?" என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. வகுப்பில் ஒதுக்கப்பட்டு நிற்கும் ஒரு பிள்ளை, "எனக்கு விளையாட இடமில்லையா?" என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்வி. இரண்டு கேள்விக்கும் பொய்யால் பதில் சொல்ல முடியாது.

இதை ஏன் உங்களிடம் பேசுகிறேன்? நாமும் ஓர் இயக்கம். நாமும் துண்டுப் பிரசுரம் அடிக்கிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம், தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம். நமக்குப் பலம் தந்தது எது? 2006 சச்சார் குழு அறிக்கை கணக்கோடு பேசியது. அதனால் மறுக்க முடியவில்லை. 2007 இல் தமிழ்நாட்டில் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்ததும் ஆதாரத்தோடு கேட்டதால்தான். பத்துப் பேர் பாதிக்கப்பட்டதை நூறு என்று எழுதினால், அதிகாரி ஒருவரைப் பொய் என்று காட்டிவிட்டால் போதும். அந்தப் பத்துப் பேரின் உண்மையான கண்ணீரும் குப்பைக்கூடைக்குப் போகும்!

நம்மைப் பற்றிப் பொய் பரப்பப்படும்போது துடிக்கிறோம். பிறரைப் பற்றிய பொய்யை ரசித்தால் நம் துடிப்புக்கு என்ன மதிப்பு? செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. நமக்குப் பிடித்த செய்திக்கு அதில் விலக்கு கொடுக்கப்படவில்லை.

வியாபாரிகளே, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் எடைக்கல்லுக்கு முத்திரை வைக்கிறார்கள். நாவிற்கும் செல்போனுக்கும் முத்திரை வைக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். இளைஞர்களே, அனுப்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இவர் யார் என்று சரியாகச் சொல்லியிருக்கிறதா? மொத்தம் எத்தனை பேர்? இதில் எதை மறைத்திருக்கிறார்கள்? பதில் தெரியவில்லையென்றால் விரலை எடுத்துவிடுங்கள்.

கத்தக்குறிச்சிப் பெண்ணின் பதக்கத்தை நம்மால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் அடுத்த மாவட்டப் போட்டியில் பேரையூரிலிருந்து ஓடப்போகும் ஒரு பிள்ளையின் மானத்தை, அவள் யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், நம் செல்போனிலிருந்து காப்பாற்ற முடியும்.

வஸ்ஸலாம்.