சட்டம் படித்து முடித்தோம், இனி யாரிடம் போவது?

(சட்டத்துறை மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் இறுதியாண்டு மாணவர்கள். சிலர் சி.எல்.பி. தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள். உங்களைப் போன்றவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த நிறுவனத்தில் சேரலாம் சார்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "யாரிடம் தொழில் கற்கப் போகிறீர்கள்?" இன்று இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞராக வேண்டுமானால் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் சொல்லும் வழியில்தான் போக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட உள்நாட்டுச் சட்டப் பட்டமோ, இங்கிலாந்து பாரிஸ்டர் தகுதியோ, சி.எல்.பி. தேர்ச்சியோ இருக்க வேண்டும். அதன் பிறகு ஒன்பது மாதப் பயிற்சி. நாம் 'சேம்பரிங்' என்கிறோமே, அதுதான். உங்களை ஏற்கும் மாஸ்டர் ஏழு ஆண்டுகளுக்குக் குறையாமல் தொழில் செய்து வருபவராக இருக்க வேண்டும். மூன்று மாதம் கழிந்ததும் 'ஷார்ட் கால்' வாங்கினால், சில சின்ன விஷயங்களுக்கு நீங்களே நீதிமன்றத்தில் எழுந்து நிற்கலாம்.

ஒன்பது மாதம் என்பது குறுகிய காலம்தான். ஆனால் ஒரு வழக்கறிஞரின் கை எப்படி எழுதும், வாய் எப்படிப் பேசும், கட்சிக்காரரை எப்படி நடத்தும் என்பதெல்லாம் அந்தக் காலத்தில்தான் உருவாகிறது. விளைந்த மூங்கிலை யாராலும் வளைக்க முடியாது.

பணப் பிரச்சினையை வெளிப்படையாகப் பேசுவோம்

நம் பிள்ளைகளில் பலருக்கு அப்பா லாரி ஓட்டுநர், அம்மா தொழிற்சாலை ஊழியர். பி.டி.பி.டி.என். கடன் தலைமேல் இருக்கும். தம்பி தங்கை படித்துக்கொண்டிருப்பார்கள். பட்டம் வாங்கிய மறுமாதமே சம்பளம் வரும் என்று வீட்டில் எதிர்பார்ப்பார்கள். பயிற்சிக் காலத்திலோ கைக்கு வருவது உதவித்தொகை மட்டும்தான். அதுவும் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். கோலாலம்பூரில் வாடகையும் பெட்ரோலும் போனால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

மாலையில் வேறு வேலை செய்து சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். வழக்கறிஞர் மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பயிற்சிக் காலத்தில் வேறு வேலை பார்க்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. பகுதி நேர வேலைக்கும் இது பொருந்தும். பணம் தேவை என்றால் முறைப்படி விண்ணப்பித்து அனுமதி வாங்குங்கள். ஒளித்துச் செய்யாதீர்கள். நல்லொழுக்கத்தை நிரூபித்து நீதிமன்றத்தில் பதிவு பெறும் தொழில் இது.

இறுதியாண்டிலேயே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். "இன்னும் ஒரு வருடம் நான் கற்கும் காலம்" என்பது பெற்றோருக்குத் தெரிய வேண்டும். ஊரிலேயே நல்ல மாஸ்டர் இருந்தால் அங்கேயே சேருங்கள். கிள்ளான், சிரம்பான், ஈப்போ, தெலுக் இந்தான், சுங்கைப் பட்டாணி போன்ற ஊர்களில் சிறிய அலுவலகங்கள் உண்டு. அங்கே பயிற்சியாளருக்குக் கிடைக்கும் நீதிமன்ற அனுபவம் பல நேரங்களில் பெரிய நிறுவனத்தில் கிடைப்பதைவிட அதிகம். வாடகையும் மிச்சம்.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்

நேர்காணல் என்றால் அவர்கள் கேட்பார்கள், நாம் பதில் சொல்வோம் என்று நினைக்கிறோம். நீங்களும் கேட்கலாம். வாரத்தில் எத்தனை நாள் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்? மாஸ்டர் விசாரணை நடத்தும்போது கூட உட்காரலாமா? எழுதும் மனுக்களை யார் திருத்துவார்? உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுப்பார்கள்? பதிவுக்கான மனுக்களைத் தாக்கல் செய்ய நேரம் தருவார்களா?

பணிவோடு கேட்டால் நல்ல மாஸ்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான். அங்கே ஏற்கெனவே பயிற்சி முடித்தவர்கள் இரண்டு பேரைத் தேடிப்பிடித்து விசாரியுங்கள். அவர்கள் சொல்வது எந்த விளம்பரத்திலும் இருக்காது.

நம் மக்களுக்கு எந்த வழக்கறிஞர் தேவை?

நில விற்பனை ஒப்பந்தமும் வங்கிக் கடன் பத்திரமும் கௌரவமான வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் சமுதாயத்தின் வாசலில் வந்து நிற்கும் பிரச்சினைகள் வேறு. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, தடுப்புக்காவல். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதும், அவர் வழக்கறிஞரோடு கலந்து பேசலாம் என்பதும் அரசியலமைப்பின் 5ஆவது விதியில் உள்ளன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, விசாரிக்கும் முன் இந்த உரிமையைப் போலீஸ் எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. 117ஆவது பிரிவின்படி, 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத்தண்டனைக் குற்றங்களுக்கு முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள்தான் ரிமாண்ட் தரலாம். இதைத் தெரிந்த ஓர் இளம் வழக்கறிஞர் காலை எட்டரைக்கு அங்கே நின்று, "ஏன் முழு நான்கு நாள் வேண்டும்?" என்று கேட்டாலே நிலைமை மாறும். பையன் தமிழில் சொல்வதைத் தமிழிலேயே கேட்டுப் புரிந்துகொள்ளும் வழக்கறிஞர் என்றால் இன்னும் நல்லது. உங்கள் தாய்மொழி இந்தத் தொழிலில் ஒரு தகுதி.

2009ஆம் ஆண்டு ஜனவரியில் சுபாங் ஜெயா போலீஸ் தடுப்புக்காவலில் குகன் இறந்தது உங்களுக்குத் தெரியும். குடும்பத்தார் விடாமல் நின்று மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது பிரேதப் பரிசோதனை செய்ய வைத்தார்கள். 2013இல் உயர்நீதிமன்றம் அவருடைய தாயாருக்கு இழப்பீடு வழங்கித் தீர்ப்பளித்தது. முதல் சில நாட்களில் சேர்க்கும் ஆதாரம்தான் நான்கு ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் பேசும்.

இரண்டாவது, குடியுரிமை ஆவணம். கோயிலில் தாலி கட்டினார்கள், சட்டப்படி பதியவில்லை. தாய் வெளிநாட்டவர். இப்படிப்பட்ட பெற்றோருக்குப் பிறந்த குழந்தைக்குத் தந்தை மலேசியராக இருந்தும் குடியுரிமை தானாக வருவதில்லை. பள்ளியில் ஆரம்பிக்கும் சிக்கல் வேலை, வங்கிக் கணக்கு, திருமணம் என்று தொடர்கிறது. விண்ணப்பம் எழுதவும், சாட்சிப் பத்திரம் தயாரிக்கவும், தேவைப்பட்டால் நீதிமன்றம் போகவும் பொறுமையான ஆள் வேண்டும்.

மூன்றாவது, வேலை நீக்கம். நியாயமான காரணம் இன்றி நீக்கப்பட்டவர் 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி 60 நாளுக்குள் முறையிட வேண்டும். அறுபத்தொன்றாவது நாள் வந்தால் கதவு மூடிவிடும். நம் தொழிலாளி ஒருவர் மூன்று மாதம் கழித்துக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வரும்போது, அவரிடம் என்ன சொல்வது? ஊருக்கு ஒரு இளம் வழக்கறிஞர் இந்த 60 நாள் கணக்கைக் கோயில் மண்டபத்தில் சொல்லிவைத்தால் எத்தனையோ குடும்பம் தப்பும்.

இந்த வேலைகளைச் செய்தால் பட்டினிதான் என்று பயமுறுத்துவார்கள். தொழிலாளர் வழக்கு, விபத்து இழப்பீடு, குடும்ப வழக்கு ஆகியவற்றை ஒழுங்காகச் செய்து கௌரவமாக வாழும் வழக்கறிஞர்கள் ஏராளம். நியாயமான கட்டணம் வாங்குவது பாவமில்லை. சேவையும் பிழைப்பும் ஒரே மேசையில் நடக்கும்.

வேறு வாசல்களும் உண்டு

எல்லோரும் தனியார் அலுவலகத்துக்கே போக வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட், துணை அரசு வழக்கறிஞர், சட்ட உதவித் துறை அதிகாரி என்று அரசுப் பணிகள் இருக்கின்றன. "நமக்குக் கொடுக்க மாட்டார்கள்" என்று விண்ணப்பமே போடாமல் இருப்பது நமக்கு நாமே மறுத்துக்கொள்வது. நேர்மையான ஒரு மாஜிஸ்திரேட் ரிமாண்ட் மனுவைக் கவனமாகப் படிப்பதும் பெரிய சேவைதான். இதற்கு மலாய் மொழி கைவசம் இருக்க வேண்டும். நீதிமன்றத்தின் மொழியும் அதுதான். ஆங்கிலத்தில் படித்தவர்கள் இப்போதே மலாயில் மனு எழுதிப் பழகுங்கள்.

வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களைச் சுமையாக நினைக்காதீர்கள். சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் உங்களை முதலில் அழைத்துப் போவது அவைதான். பதிவு பெற்ற பிறகு, 2012இல் சேவையைத் தொடங்கிய தேசியச் சட்ட உதவி அறக்கட்டளையில் பெயர் கொடுங்கள். கைது, ரிமாண்ட், ஜாமீன் வேலைகளுக்கு அங்கே ஓரளவு கட்டணமும் உண்டு.

பொறுமை

கடைசியாக ஒன்று. இந்திரா காந்தி அம்மையாரின் பிள்ளைகள் 2009இல் அவர் சம்மதமின்றி மதம் மாற்றப்பட்டார்கள். 2013இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வெற்றி. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோல்வி. 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒன்பது ஆண்டுகள்! தீர்ப்புக்குப் பிறகும் கடைசி மகளைத் தேடும் போராட்டம் ஓயவில்லை. இடையில் தோற்றபோது வழக்கறிஞர்கள் கோப்பை மூடியிருந்தால் அந்தத் தீர்ப்பே இருந்திருக்காது.

அந்தப் பொறுமையைப் பல்கலைக்கழகம் கற்றுத்தராது. அது உள்ள ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் கற்க வேண்டும். எனவே, நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கும் முன் அந்த மனிதரைப் பாருங்கள். அவர் வழக்கு நடக்கும் நாளில் நீதிமன்றத்தின் பின்வரிசையில் போய் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம் அது, யாரும் தடுக்க மாட்டார்கள். ஏழைக் கட்சிக்காரரிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். பிடித்திருந்தால் மறுநாளே விண்ணப்பம் கொடுங்கள்.

 இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.