மேலங்கிகளுக்குக் காவல் நின்றவர்

(யாழ்ப்பாணத்தில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தின் முடிவிலே இளைஞர் ஒருவர் எழுந்து எம்மிடம் ஒரு வினாத் தொடுத்தார். "ஆண் ஆணை விரும்புவது பாவம் என்று கோயிலிலே போதகர் போதிக்கிறார். வெளியிலே ஒருவன் அத்தகைய மனிதன் ஒருவனைச் சுத்தியலால் அடித்துக் கொன்றுவிடுகிறான். கொன்றவனைச் சட்டம் பிடித்துக்கொள்ளும். போதித்தவருக்கு அக்கொலையிற் பங்குண்டா, இல்லையா?" என்பதே அவ்வினா. நேரமாகிவிட்டது, அடுத்த கூட்டத்தில் விடையளிப்போம் என்று கூறி அன்று தப்பித்துக்கொண்டோம். தவணை கேட்பது எமது தொழிலிற் பழகிப்போன காரியம். அத்தவணை இன்றுடன் முடிகின்றது.

நாம் சைவ வீட்டிற் பிறந்து மிசன் கல்லூரியிற் கற்றோம். எமக்கு வேதாகமம் கற்பித்த ஆசிரியர்கள் பிரம்பையும் அன்பையும் குறைவின்றித் தந்தவர்கள். கிறிஸ்தவத்தைப் பற்றிப் பேச உமக்கு என்ன உரித்து என எவரேனும் கேட்பின், அவர்கள் படிப்பித்த பாடத்தையே திருப்பி ஒப்புவிக்கிறோம் என்பது எமது மறுமொழி.

இளைஞர் கேட்டது கற்பனை வினா அன்று. உகண்டா நாட்டிலே, கம்பாலா நகருக்கு அண்மையில் உள்ள முக்கோனோவில், 2011ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி டேவிட் கட்டோ என்பவர் தமது வீட்டிற் சுத்தியலால் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் ஆசிரியராக இருந்தவர். தன்பாலாரை விரும்புவோரும் மனிதரே, அவர்களுக்கும் உரிமையுண்டு என வெளிப்படையாக வாதாடியவர். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 2010 ஒக்டோபரிலே, கம்பாலாவில் வெளிவந்த 'றோலிங் ஸ்ரோன்' என்னும் கிழமைப் பத்திரிகை அவருடைய படத்தை முதற் பக்கத்தில் இட்டது. அமெரிக்காவிலே பாட்டுக்களைப் பற்றி எழுதும் அப்பெயருடைய சஞ்சிகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. தன்பால் விழைவோர் எனத் தான் கருதியோரின் பெயர்களையும் படங்களையும் வெளியிட்டு, இவர்களைத் தூக்கிலிடுங்கள் எனவும் அப்பத்திரிகை முகப்பில் அச்சிட்டது.

கட்டோவும் வேறிருவரும் மேல் நீதிமன்றத்துக்குச் சென்றனர்; வென்றனர். ஒவ்வொருவருக்கும் 15 இலட்சம் உகண்டாச் சிலிங் நட்டஈடு வழங்கப்பட்டது. நீதிபதி முசோக்கே அவ்வழக்கிற் கூறிய ஒரு நியாயத்தைச் சட்டம் பயிலும் இளைஞர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். தண்டனைச் சட்டம் குற்றமாக்கியிருப்பது ஒரு செயலை. ஒரு மனிதனின் இயல்பை அன்று. செயல் நிரூபிக்கப்படாதவரை எவனையும் குற்றவாளி என அழைக்க ஒருவருக்கும் அதிகாரமில்லை என்றார் அவர். தீர்ப்பு வெளியாகிச் சில கிழமைகளில் வழக்காளி பிணமானார்.

இனி அடக்கச் சடங்கைச் சொல்ல வேண்டும். எம்மை உறங்கவிடாமற் செய்தது கொலையன்று, அச்சடங்கே. சவப்பெட்டி முன்னே வைக்கப்பட்டிருக்கிறது. தாயார் அழுதுகொண்டிருக்கிறார். அங்கிலிக்கன் போதகர் ஒலிபெருக்கியைக் கையிலெடுத்து, இறந்தவருக்காக மன்றாடுவதை விடுத்து, தன்பால் விழைவோர் மனந்திரும்ப வேண்டும் என்று கண்டனம் செய்கிறார். நண்பர்கள் ஒலிபெருக்கியைப் பறிக்கின்றனர், கைகலப்பு நிகழ்கின்றது. போதகர் போய்விடுகிறார். ஊரார் உடலை அடக்கம் செய்ய மறுத்துவிடுகின்றனர். நண்பர்களே பெட்டியைச் சுமந்து சென்றனர். குழியருகே நின்று செபம் செய்தவர், இம்மக்களுக்கு ஆதரவு கொடுத்தார் என்பதற்காக அதே திருச்சபை ஒதுக்கிவைத்திருந்த ஓய்வுபெற்ற ஆயர் கிறிஸ்தோபர் செனியொஞ்சோ.

எங்கள் ஊரிலே கொடிய பகைவன் வீட்டுச் சாவுக்கும் போய்ப் பந்தலின்கீழ்ச் சற்று நேரம் இருந்து வருவார்கள். அந்த மரியாதைகூட அம்மனிதருக்குக் கிடைக்கவில்லை.

எனினும் நாம் நியாயவாதிகள். எதிர்த்தரப்பின் வாதத்தையும் சபைமுன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம். பொலிசார் இது கொள்ளையோடு தொடர்புடையது என்றனர். பிடிபட்டவன் வேறொரு காரணம் சொன்னான். 2011 நவம்பரில் அவனுக்கு 30 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவன் அப்பத்திரிகையை வாசித்தான் என்பதற்கோ, ஒரு பிரசங்கத்தைக் கேட்டே சுத்தியலை எடுத்தான் என்பதற்கோ சான்று இல்லை. ஆகவே இன்ன போதகரே இக்கொலைக்கு உடந்தை என்று ஒரு நீதிமன்றில் நாம் வாதிட எழுந்தால், பிற்பகல் தேநீருக்கு முன்னரே எம்மை உட்கார வைத்துவிடுவார்கள்.

அத்தகைய வழக்கொன்று நடந்தும் இருக்கின்றது. ஸ்கொட் லைவ்லி என்னும் அமெரிக்கப் போதகர் 2009 மார்ச்சிலே கம்பாலாவுக்குச் சென்று, தன்பால் விழைவோர் பிள்ளைகளையும் குடும்பத்தையும் அழிக்க வந்தோர் என்னும் கருத்துப்படப் பிரசங்கங்கள் செய்தார். அவ்வாண்டு ஒக்டோபரிலே, சில வகைச் செயல்களுக்கு மரண தண்டனை கோரும் மசோதா உகண்டாப் பாராளுமன்றத்துக்கு வந்தது. மரண தண்டனையைத் தாம் கேட்கவில்லை என்றார் லைவ்லி. அதையும் பதிவு செய்கிறோம். கட்டோ பணியாற்றிய அமைப்பு 2012இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் சமஷ்டி நீதிமன்றிலே அவர்மீது வழக்குத் தொடுத்தது. ஐந்தாண்டு நடந்த அவ்வழக்கை 2017இல் நீதிபதி பொன்சர் தள்ளுபடி செய்தார். காரணம் யாது? நியாயாதிக்கம் இல்லை என்பதே. ஆனால், தள்ளுபடி செய்த அதே கட்டளையில் லைவ்லியின் நடத்தையை மிகக் கடுமையான சொற்களால் நீதிபதி கண்டித்தார். வென்றவர் அச்சொற்களை நீக்கித் தருமாறு மேன்முறையீட்டு மன்றுக்குப் போனார். 2018இல் அம்மன்று அதற்கு இணங்கவில்லை. வழக்கில் வென்றும் தீர்ப்பை வீட்டுச் சுவரில் மாட்ட முடியாத நிலை!

அப்படியாயின் போதித்தவருக்குப் பொறுப்பில்லையா? கமக்காரர்களாகிய உங்களிடமே இதை விடுகிறோம். தன் காணியிலே கூளத்துக்கு நெருப்பு வைப்பது ஒருவனுடைய உரிமை. சோளகக் காற்றுச் சீறுகிற நாளிலே, அயலவனின் கிடுகு வேலி பத்து முழத்திற் காய்ந்து நிற்கையில், அவன் நெருப்பு வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். வேலி எரிந்து வீடும் எரிந்தது. "நான் என் காணியிலேதானே வைத்தேன்" என்று அவன் சொன்னால் உங்கள் ஊர் விதானையார் ஒப்புவாரா? காற்று எப்பக்கம் வீசிற்று என்பது உனக்குத் தெரியுமா, தெரியாதா என்றே கேட்பார். சட்டமும் அதையே கேட்கின்றது.

பாவம் என்று போதிப்பது ஒன்று. அதைத் திருச்சபைகள் பல நூற்றாண்டுகளாகப் போதித்து வந்துள்ளன. லேவியராகமத்தையும் ரோமருக்கு எழுதிய நிருபத்தையும் ஆதாரமாகக் காட்டுகின்றன. அவ்வசனங்களின் பொருள் அதுதானா என்று இன்று கிறிஸ்தவ அறிஞர்களுள்ளேயே பெரும் வாதம் நடக்கின்றது. சோதோமின் அக்கிரமம் இன்னதெனச் சொல்ல வந்த எசேக்கியேல் தீர்க்கதரிசி, செருக்கையும், வயிறு நிறைந்தும் ஏழைக்குக் கைகொடாமையையுமே எடுத்துக் காட்டினார் என்பதை மட்டும் வழியிலே சொல்லி வைக்கிறோம். அவ்வாதத்தைத் தீர்க்க நாம் வரவில்லை. பாவம் என்பதே முடிந்த முடிபு என வைத்துக்கொண்டே பேசுவோம். அவ்வாறு நம்பும் ஒரு திருச்சபை காற்றின் திசையை அறிந்து நடந்ததா?

அறிந்து நடந்தோர் இருந்தனர். இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுக்க நலச் சபை 1954இலேயே இச்சட்டத்தை ஆராயும்படி வற்புறுத்தியது. 1957இல் வொல்பெண்டன் குழு, வயது வந்த ஆண்கள் இருவர் தனிமையில் உடன்பட்டுச் செய்வதைக் குற்றமெனக் கொள்ளலாகாது என்றது. கன்ரபரி அதிமேற்றிராணியார் மைக்கல் றாம்சி பிரபுக்கள் சபையிலே எழுந்து அதனை ஆதரித்தார். அவர் அச்செயலைப் பாவமென்றே நம்பியவர். பாவமெல்லாம் குற்றமாகா என்பதே அவருடைய வாதம். 1967இல் இங்கிலாந்திலே சட்டம் மாறிற்று. தான் குடியேற்ற நாடுகளுக்குக் கொடுத்த சட்டத்தை இங்கிலாந்து திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அது உகண்டாவிலும் நின்றது, எமது தண்டனைச் சட்டக்கோவையிலும் நின்றது.

அறிந்தும் அறியாதவர்போல் எழுதியோரும் உளர். 1986 ஒக்டோபரிலே வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கர்தினால் இரட்சிங்கர் ஒப்பமிட்டு, ஆயர்களுக்கு ஒரு நிருபம் அனுப்பியது. இம்மக்கள்மீது சொல்லாலும் செயலாலும் இழைக்கப்படும் வன்முறை வருந்தத்தக்கது, அதனை ஆயர்கள் கண்டிக்க வேண்டும் என்கின்றது அது. நன்று. ஆனால் அதே பந்தியிலே, இந்நடத்தைக்குச் சட்டம் பாதுகாப்பளிக்கும்போது அறிவுக்கொவ்வாத வன்முறை பெருகினால் வியப்பதற்கில்லை என்னும் கருத்தும் சேர்க்கப்பட்டிருக்கின்றது. அடிப்பது தவறு, ஆயினும் அடி விழுந்தால் வியப்பில்லை! இத்தகைய வாக்கியத்தை ஒரு கட்சிக்காரர் எம்மிடம் எழுதிக்கொண்டு வந்தால், இரண்டாவது பாதியை வெட்டிவிட்டே மன்றுக்கு அனுப்புவோம். அடிக்க நினைப்பவன் முதற் பாதியை வாசிக்கமாட்டான் என்பது எமக்குத் தெரியும்.

அங்கிலிக்கன் ஆயர்களின் 1998ஆம் ஆண்டு லாம்பெத் மாநாட்டுத் தீர்மானமும் இருபக்கமுடையது. செயல் வேதத்துக்கு ஒவ்வாதது என்றது. தன்பால் விழைவோர்மீது கொள்ளும் காரணமற்ற அச்சத்தையும் கண்டித்தது. அவர்களும் கடவுளால் நேசிக்கப்படுவோர் என்றது. கட்டோ இறந்தபோது அதிமேற்றிராணியார் றோவன் வில்லியம்ஸ் கொலையைக் கண்டித்து அறிக்கை விடுத்தார். கன்ரபரியிலிருந்து அறிக்கை புறப்படுகின்றது. முக்கோனோவிலே ஒலிபெருக்கி முழங்குகின்றது. தீர்மானத்தின் ஒரு பாதி ஒலிபெருக்கியேறி ஊரெங்கும் போயிற்று. மறுபாதி கடதாசியிலே தங்கிவிட்டது. பொறுப்பு அங்கேதான் பிறக்கின்றது என்பது எமது கட்சி.

பவுல் அடியாரின் ரோமர் நிருபமே இவ்விடயத்தில் முதலாவது சாட்சியாக அழைக்கப்படுகின்றது. சாட்சியை அழைத்தவர்கள் குறுக்கு விசாரணைக்கும் இடங்கொடுக்க வேண்டும் அல்லவா? ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்ற நாளில், கல்லெறிந்தோர் தம் மேலங்கிகளைக் கழற்றிச் சவுல் என்னும் வாலிபனின் காலடியில் வைத்தனர். அந்தச் சவுலே பின்னாளிற் பவுல். அவர் ஒரு கல்லையும் எடுத்தாரென எழுதப்படவில்லை. எமது கட்சிக்காரராயின் எளிதில் விடுவித்திருப்போம்: கையிற் கல்லில்லை, அடித்த காயமில்லை, உடைகளைப் பார்த்துக்கொண்டதைத் தவிர வேறு செயலில்லை. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகளின் இருபத்திரண்டாம் அதிகாரத்திலே அவர் தாமே வாய்திறந்து அதனை அறிக்கையிடுகிறார். இரத்தம் சிந்தப்பட்டபோது நானும் அருகில் நின்றேன், உடன்பட்டேன், கொன்றவர்களின் உடைகளுக்குக் காவலிருந்தேன் என்கிறார். 'நான் எறியவில்லை' என்னும் எதிர்வாதத்தை அவர் எடுக்கவே இல்லை.

இளைஞருக்கு எமது விடை இது. பாவமென்று போதித்ததனால் மட்டும் ஒருவர் கொலையிற் பங்காளியாகார். பெயர்ப் பட்டியல் வெளியானபோது வாய்மூடி இருந்தவர், தண்டனையைக் கூட்டும்படி அரசைக் கேட்டவர், பிணத்தின் முன்னும் ஏசியவர் ஆகியோர் மேலங்கிகளுக்குக் காவல் நின்றவர்கள். தண்டனைச் சட்டம் அவர்களைத் தொடாது. அவர்களுடைய சொந்த வேதம் தொடும்.

அதற்குப் பின் என்ன நடந்தது? உகண்டாவின் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாராளுமன்றத்திற் கூட்ட நடப்பெண் இருக்கவில்லை என்னும் காரணத்தால் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாதென்றது. 2023 மே மாதத்தில் மரண தண்டனையையும் உள்ளடக்கிய புதிய சட்டம் வந்தது. உகண்டா அதிமேற்றிராணியார் கசிம்பா அதனை வரவேற்றார். கன்ரபரியிலிருந்து ஜஸ்ரின் வெல்பி வருத்தந் தெரிவித்துக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு தொடக்கத்திலேயே பாப்பரசர் பிரான்சிஸ், தன்பால் விழைவு குற்றமன்று எனப் பகிரங்கமாகக் கூறியிருந்தார். 2024 ஏப்ரலிலே அரசியலமைப்பு நீதிமன்றம் சில பிரிவுகளை மட்டும் நீக்கி, அச்சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்தியது.

சைவர்களாகிய நாம் இதனைக் கேட்டுவிட்டு, கிறிஸ்தவர் வீட்டு வழக்கு எனத் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட முடியாது. எமது தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு வெள்ளைக்காரன் எழுதியது. 1995இல் அதைத் திருத்தினார்கள். நீக்குவதற்கன்று, பெண்களையும் அதனுள் அடக்குவதற்கு! அதை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024இற் பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அம்மசோதா சட்டமாகவில்லை. மேடைப் பேச்சு எவ்வளவு விரைவிலே தெருவிற் பொல்லாக மாறும் என்பதை இந்நாட்டுத் தமிழனுக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

இக்கூட்டத்திலே போதகர்மார் இருவர் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். அவர்கள் தமது விசுவாசத்தைக் கைவிட வேண்டும் என நாம் கேட்கவில்லை. இவ்விடயம் பற்றிப் பிரசங்கிக்கும் ஞாயிற்றுக்கிழமையிலே, அவர்கள்மீது கைவைப்பவன் ஸ்தேவானைக் கொன்றவர்களோடு நிற்கிறான் என்பதையும் அதே மூச்சிற் சொல்லுங்கள். பின்வரிசையிலே வாய் திறவாமல் ஒரு பிள்ளை இருக்கும். அது இரண்டு வாக்கியங்களையும் கேட்கட்டும். எந்தச் சமயத்தவராயினும், இக்காரணத்துக்காக அடிபட்டு, முறைப்பாடு செய்ய அஞ்சி வீட்டில் இருப்பவர் எவரையேனும் நீங்கள் அறிந்தால், எமது அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். பொலிஸ் நிலையத்துக்கு நாமே உடன் செல்வோம், மன்றிலும் தோன்றுவோம். கட்டணம் இல்லை. சனிக்கிழமைகளிற் பிற்பகல் ஆறு மணிவரை நாம் அங்கேதான் இருப்போம்.