கரண்ட் போன இரவில் கரிவாளி வேண்டாம்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் எமது நலன்புரிக் குழுவினர் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்க முன்னம் ஒரு சின்ன வேலை இருக்கிறது. இந்தப் பானையில் ராத்திரியே ஊறப்போட்ட பயறு. பிள்ளைமடுவத்து அடுப்பில் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்க வைத்து, மூடியைத் திறக்காமல் இப்போதுதான் இறக்கிக் கொண்டு வந்தோம். இதை இந்தப் பழைய கொழுந்துக் கூடைக்குள் வைக்கிறோம். கூடைக்கு அடியிலும் சுற்றிலும் காய்ந்த மானாப்புல் அடைத்திருக்கிறது. மேலே ஒரு கம்பளித் துண்டு. கட்டியாச்சு. யாரும் அவிழ்த்துப் பார்க்கக் கூடாது. பேச்சு முடிந்ததும் பார்த்துக் கொள்வோம்.

கரண்ட் போவது நமக்குப் புதிய சங்கதி இல்லை. 1996ஆம் ஆண்டு மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது நாடு முழுக்க மணிக்கணக்காக மின்வெட்டு இருந்தது. அப்போது நம்மில் பலருக்கு அது பெரிதாய்த் தெரியவில்லை. ஏனென்றால் பல லயங்களுக்குக் கரண்டே வந்திருக்கவில்லை. காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் நம்ம மலைத் தண்ணீரால் நிரம்பி ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்தன, நாம் குப்பி லாம்போடு இருந்தோம். இப்போது அப்படி இல்லை. சோறு வேகிறது ரைஸ் குக்கரில், தேத்தண்ணி கேத்தலில். சில வீட்டில் விறகு அடுப்பையே இடித்துவிட்டு அந்த இடத்தில் மேசை போட்டிருக்கிறார்கள். ஆகவே 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது, காஸும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை என்ற நிலையில் திண்டாடிப் போனோம். அதே வருஷம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியதும் யாருக்கும் மறந்திருக்காது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது மண்சரிந்து வீதியும் அடைபட்டது, மின்கம்பமும் சாய்ந்தது. மலையகத்தில் பல இடங்களில் நாட்கணக்காக இருட்டு.

இன்றைக்கு நாங்கள் பேச வந்தது அப்படியான ஒரு இரவைப் பற்றி. எந்தத் தோட்டம், எந்தக் குடும்பம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் "சொல்லுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று அந்த வீட்டுப் பெரியம்மாவே எங்களிடம் சொன்னார்.

லயத்தில் தொங்கல் காம்பரா. பிள்ளை பிறந்து ஒன்பது நாள். மழை விடவில்லை, கரண்ட் இல்லை, தகரக் கூரையில் குளிர் இறங்குகிறது. பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஆகாது என்று பெரியம்மா அடுப்பில் கனிந்த தணலை அள்ளித் தகரவாளியில் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டு போய் வைத்திருக்கிறார். சன்னலைச் சாத்தி, கதவுக்குக் கீழே சாக்கைச் செருகியாயிற்று. புகை துளியும் இல்லை. நல்ல கதகதப்பு. மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள்.

இஸ்டோரில் ராத்திரி வேலை முடிந்து விடியற்காலை வீட்டுக்காரர் வந்து தட்டினால் திறக்க ஆளில்லை. தள்ளித் திறந்து உள்ளே போனபோது பெரியம்மாவுக்கு எழும்ப முடியாமல் தலை சுற்றல். தாய் வாந்தி எடுத்துக் கிடக்கிறாள். பிள்ளை பாலுக்கு அழவில்லை. அவருக்கு என்ன தோன்றியதோ, எல்லாரையும் இஸ்தோப்புக்கு இழுத்துப் போட்டார். அதுதான் காப்பாற்றியது. பிறகு அம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஒட்சிசன். மூன்று பேரும் பிழைத்தார்கள்.

இதில் எங்கள் தவறும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் நாங்கள் இங்கே நிற்பதில் அர்த்தமில்லை. அந்தத் தாயைப் பார்க்கப் போனபோது, "குளிர் படாமல் வைங்க, கதவு சன்னலைச் சாத்தி வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தது நாங்கள்தான். நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுப்புப் புகையைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். புகையே இல்லாத தணலைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

அந்த அறையில் நடந்தது என்ன? விறகோ கரியோ காற்று போதாமல் எரியும்போது காபன் மொனொக்சைட்டு என்றொரு வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. நாம் மூச்சில் இழுக்கும் ஒட்சிசனை உடம்பெல்லாம் தூக்கிக் கொண்டு போவது இரத்தம். இந்த வாயு உள்ளே போனால் இரத்தம் ஒட்சிசனை விட்டுவிட்டு இதைப் பிடித்துக் கொள்ளும். ஒட்சிசனைப் பிடிப்பதை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். ஆகவே மூச்சு ஓடிக் கொண்டிருக்கும், ஆனால் மூளைக்கும் இருதயத்துக்கும் ஒட்சிசன் போகாது. தூக்கத்தில் இருக்கிறவருக்கு எழும்பத் தோன்றாது. வயிற்றில் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தாயை விடவும் ஆபத்து.

நம்முடைய ஆட்கள் புகை இருந்தால் பயப்படுவார்கள், புகை இல்லாவிட்டால் நம்பிவிடுவார்கள். கரித்தணலில் இந்த வாயு நிறைய வருகிறது. சாம்பலைப் போட்டு மூடினாலும், அணைந்தது போலத் தெரிந்தாலும், உள்ளே கனிந்து கொண்டு வாயுவை விட்டபடியே இருக்கும். "பக்கத்தில் ஒரு சட்டித் தண்ணீர் வைத்தால் பிடித்துக் கொள்ளும்" என்று ஒரு அக்கா கேட்டார். இல்லை அக்கா, தண்ணீர் இந்த வாயுவைப் பிடிக்காது. "சன்னலை விரலளவு திறந்து வைத்தால்?" அதையும் நம்ப முடியாது. படுக்கிற அறைக்குள் தணல் போகவே கூடாது, அவ்வளவுதான். பிள்ளைக்குச் சாம்பிராணி போடுவதானாலும் கதவைத் திறந்து வைத்துப் போட்டுவிட்டு, தணலை உடனே வெளியில் எடுத்துவிடுங்கள். பிள்ளையின் முகத்துக்குப் புகை காட்டாமலே விடுவது இன்னும் நல்லது.

எப்படிக் கண்டுபிடிப்பது? தலையிடி, தலைச்சுற்றல், வாந்தி, கைகால் சோர்வு. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ தடிமன் காய்ச்சல் என்றோ நினைத்துவிடுவோம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், வெளியில் போனதும் குறைந்தால், சந்தேகப்படுங்கள். முதல் வேலை ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டு வருவது. பிறகு 1990 அம்புலன்சுக்குப் போன். ஆஸ்பத்திரியில் போய், "கரி நெருப்பு வைத்த அறையில் படுத்திருந்தோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி இந்த விஷம் ஏறியவருக்கும் ஒட்சிசன் நன்றாக இருப்பதாகவே காட்டக் கூடும். நீங்கள் சொன்னால்தான் டொக்டர் வேறு விதமாகச் சோதிப்பார்.

சரி, நுவரெலியாப் பக்கம் தை மாதக் குளிரில் நெருப்பும் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காம்பராவைச் சூடாக்க வேண்டியதில்லை, ஆட்களைச் சூடாக வைத்தால் போதும். அந்தியில் அடுப்பெரியும்போதே இரண்டு செங்கல்லை அடுப்போரம் வைத்துச் சூடாக்கி, சாக்கில் சுற்றிக் கால்மாட்டில் போடலாம். சுடுதண்ணிப் பை இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடிப் போத்தலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள், விரிந்துவிடும். பெரியவர்கள் சாக்கையும் பேப்பரையும் பாய்க்கு அடியில் விரிக்க வேண்டும். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் சீமெந்துத் தரை கீழே இருந்து சூட்டை உறிஞ்சிவிடும்.

பச்சைப் பிள்ளைக்குத் தாயின் நெஞ்சை விட நல்ல அடுப்பு கிடையாது. சட்டையில்லாமல் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்து அணைத்து, மேலே துணியைச் சுற்றி, தலைக்குத் தொப்பி போடுங்கள். பிள்ளையின் மூக்கும் வாயும் மூடாமல் பார்க்க வேண்டும். தாய் தூங்கப் போனால் மற்றவர் வாங்கிக் கொள்ளலாம், தகப்பன் நெஞ்சும் சூடுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை, பின்னால் நிற்கிறவர்களுக்கும்தான் சொல்கிறோம். சுடுகல்லையோ சுடுபோத்தலையோ பிள்ளையின் உடம்பில் படும்படி வைக்காதீர்கள். அதன் தோல் நம்முடையது போல இல்லை, பொத்துவிடும்.

இனி அடுப்பு. விறகு அடுப்பை இடிக்காதவர்கள் தயவுசெய்து இடிக்காதீர்கள். இடித்தவர்கள் மூன்று கல்லையும் ஒரு தகரத்தையும் எங்கேயாவது பத்திரப்படுத்துங்கள். கவ்வாத்து நேரத்தில் மிலாறு கட்டிக் கொண்டு வருகிறோம் அல்லவா, அதில் ஒரு கட்டையாவது அடுப்புக்கு மேல் பரணில் போட்டு வையுங்கள். மழை பிடித்த பிறகு விறகு தேடினால் ஈரவிறகுதான் கிடைக்கும். ஈரவிறகு எரிவதை விடப் புகைவதே அதிகம். நெருப்புப் பிடிக்கட்டும் என்று பொலித்தீன், பழைய ரப்பர் செருப்பு, உரச்சாக்கு எதையும் அடுப்பில் போடாதீர்கள். மருந்தடிக்கிற கலன் எரிக்கவும் ஆகாது, தண்ணீர் பிடிக்கவும் ஆகாது. எரியும் அடுப்பு எங்கே இருந்தாலும் அந்தப் பக்கக் கதவும் சன்னலும் திறந்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்புக்கும் இதே சட்டம்தான். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெய் போதவில்லை என்று பெற்றோல் கலப்பது வீட்டுக்கு நாமே தீ வைப்பதற்குச் சமம்.

காஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர் அதிகமான விடியற்காலையில் சிலிண்டரில் காஸ் சரியாக வராது. உள்ளே இருக்கும் திரவம் குளிரில் மெதுவாகத்தான் ஆவியாகிறது. அதற்காகச் சிலிண்டரை அடுப்போரம் தள்ளி வைப்பதும் கொதிதண்ணீர் ஊற்றுவதும் கூடவே கூடாது. காஸ் மணம் வந்தால் ஸ்விச்சைத் தொடாமல், தீக்குச்சி கிழிக்காமல், கதவைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். அது காற்றை விடப் பாரம், தரையோடுதான் படுத்திருக்கும்.

விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜாம் போத்தலிலும் மருந்துக் குப்பியிலும் திரி போட்டுச் செய்கிற குப்பி லாம்பு தட்டினால் விழும், விழுந்தால் உருளும், மூடி கழன்று எண்ணெய் கொட்டிப் பற்றும். அப்படி வெந்து வந்தவர்களுக்கு வைத்தியம் செய்து மனம் நொந்த விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 1992இல் ஒரு குட்டை விளக்கைச் செய்தார். சுதீப என்று பெயர். தடித்த கண்ணாடி, அடிப்பாரம், உருளாமலிருக்க இரண்டு பக்கம் தட்டை, திருகி இறுக்கும் மூடி. இதற்காக 1998இல் அவருக்கு றோலெக்ஸ் விருதும் கிடைத்தது. விளக்கு வாங்குவதானாலும் செய்வதானாலும் இந்த நாலு குணமும் இருக்கிறதா என்று பாருங்கள். டோர்ச் இருந்தால் டோர்ச்தான் நல்லது. ஒரே கூரையின் கீழ் வரிசையாய் வாழ்கிறோம், ஒரு காம்பராவில் பிடித்த தீ அடுத்தடுத்த காம்பராவுக்குப் போக நேரம் எடுக்காது. நெருப்புச் சுட்டால் பற்பசை, மை, எண்ணெய் எதையும் பூசாமல் பீலித் தண்ணீரில் இருபது நிமிஷம் பிடியுங்கள். கரண்ட் போனதும் குக்கர், கேத்தல், அயன் பொக்ஸ் எல்லாவற்றின் ஸ்விச்சையும் அணைத்துவிடுங்கள். நடுச்சாமத்தில் கரண்ட் வரும், நாம் தூங்கிக் கொண்டிருப்போம்.

கடைசியாக இந்தக் கூடை. விறகு மிச்சம் என்பது ஒரு பக்கம். கூடைக்குள் வேகும்போது நெருப்பே இல்லை, புகையும் இல்லை, பிள்ளை இருக்கிற அறையிலும் வைக்கலாம். சுடுபானையைப் பிள்ளைகள் இழுக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். பானை முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும், அரைப் பானை சீக்கிரம் ஆறிவிடும். இடையில் திறந்தால் சூடு போய்விடும். சோற்றுக்கு அஞ்சு நிமிஷக் கொதி போதும், கடலைக்கு ஊறவைத்த பிறகும் அரை மணித்தியாலமாவது கொதிக்க வேண்டும். வெந்ததைச் சூடாகவே சாப்பிட்டுவிடுங்கள். கூடையிலேயே ஆறிப்போனதைத் திரும்பக் கொதிக்க வைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். காலையில் அடுப்பெரியும்போதே ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர் பிடித்து வைத்தால், மாப்பால் கரைக்கிற தாய் ராத்திரி நெருப்புத் தேட வேண்டியிராது.

நாங்கள் பேசத் தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. முன்வரிசையில் இருக்கிற பாட்டி, நீங்க வாங்க. கம்பளியை அவிழ்த்து மூடியைத் திறங்க, கை பத்திரம், இன்னும் ஆவி பறக்குது. ஒரு பயறை எடுத்து நசுக்கிப் பாருங்க. தேங்காய்ப்பூவும் சீனியும் அந்த மேசையில் இருக்கு, பிள்ளைகளுக்கு முதலில் போடுங்க.