தண்ணீருக்கு நடுவே ஓர் ஊர், நீந்தத் தெரியாத பெண்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"நீச்சல் சொல்லிக் கொடுப்பதும் ஒரு தொழிலா?" என்று எம்மிடம் கேட்காதவர்கள் குறைவு. ஆம், தொழில்தான். கற்பிட்டியில் ஹொட்டேல் தடாகங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நாம் தனிப்பட நீச்சல் பழக்குகிறோம். அதைப் பற்றிப் பேசும்படி சங்கம் பணித்தமைக்கு நன்றி.

எமது ஊரின் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் இங்கே கோட்டை கட்டியதும் இந்தத் தண்ணீரைக் காவல் செய்யத்தான். மே மாதத்தில் தென்மேல் காற்று எழுந்ததும், வெளிநாட்டுப் பெண்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு களப்பின்மேல் பறக்கிறார்கள். எமது பெண்களோ கணுக்கால் நனைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். சிறுமியாக இருக்கும்வரை தண்ணீரில் விளையாடியவள், பெரியபிள்ளையானதும் கரையில் நிற்கிறாள்.

இதன் விலை என்ன என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட குறிப்பின்படி, தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். பெண்கள் கரையிலும் வீட்டிலும் பிள்ளைகளோடு இருந்தார்கள். நீந்தவோ மரமேறவோ அவர்களுக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை என்பதும் ஒரு காரணம். நீச்சல் தெரிந்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்த அலை தேர்ந்த நீச்சல்காரரையும் கொண்டுபோனது. ஆனால் சுனாமி ஒரு நாளில் வந்து போவது. கிணறு, குளம், களப்பு, கடல் ஆகியவை தினமும் பக்கத்தில் இருப்பவை. 2021இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

சுனாமியின் பின்னர் கிறிஸ்டினா ஃபொன்ஃபே என்ற ஆங்கிலேயப் பெண்மணி தென்கரையில், வெலிகமப் பகுதியில், எமது நாட்டுப் பெண்களுக்கு இலவசமாக நீச்சல் பழக்கத் தொடங்கினார். அவரிடம் பழகிய உள்ளூர்ப் பெண்கள் சிலர் தாமே பயிற்றுநர்களானார்கள். பெண்ணுக்குப் பெண் பழக்கினால் பெற்றோர் மறுப்பதில்லை என்பதை நாமும் இங்கே காண்கிறோம்.

எமது முதல் பாடத்தில் கையடி, காலடி எதுவும் இல்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை ஊதி விடுவது, பிறகு மல்லாந்து மிதப்பது. கழுத்தை விறைத்துப் பிடித்தால் கால் தாழும்; தலையைத் தண்ணீருக்குக் கொடுத்தால் இடுப்பு தானே எழும். குப்புற விழுந்தவள் மல்லாந்து திரும்பி மூச்செடுக்கத் தெரிந்துகொண்ட பிறகே நீந்துவது. ஒரு வேளைக்கு நால்வருக்கு மேல் எடுப்பதில்லை. தண்ணீரில் ஆள் இருக்கும்போது கைப்பேசியைத் தொடுவதில்லை. மூழ்குபவர் பெரும்பாலும் சத்தம் போடமாட்டார் என்பதை ஒவ்வொரு தாய்க்கும் சொல்கிறோம். காப்பாற்றவென்று பின்னால் குதிக்காமல் கயிற்றையோ வெற்றுக் கலனையோ எறியுங்கள் என்றும் சொல்கிறோம்.

உடை ஒரு தடையல்ல. உடல் முழுவதும் மூடும் நீச்சலுடை இன்று கிடைக்கிறது. தண்ணீரை உறிஞ்சிப் பாரமாகும் பருத்தி உடைதான் ஆபத்து. பெண்களுக்கென்று தனி நேரமும் மறைப்பும் இருந்தால் போதும்.

இனித் தொழிலின் கஷ்டம். "தண்ணீரில் விளையாடத்தானே, இதற்கும் காசா?" என்பார்கள். தடாக வாடகை, முதலுதவிப் பயிற்சி, மழைக்காலத்தில் வராமற்போகும் மாணவிகள் எல்லாம் அந்தக் காசுக்குள்தான். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பம் தருகின்ற கட்டணத்தில்தான் மீனவர் வீட்டுப் பிள்ளை ஒன்று இலவசமாகப் பழகுகிறது. அப்படி எத்தனை பேரைத்தான் எம்மால் சேர்க்க முடியும்?

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக மண்டபம் எழட்டும், வாயில் எழட்டும். அவற்றோடு, எமது கல்லூரியில் ஒன்பதாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து நிமிடம் மிதக்கவும் 25 மீற்றர் நீந்தவும் தெரிந்தவளாகட்டும். ஹொட்டேல் நடத்தும் சகோதரிகள் வாரத்தில் இரண்டு காலை மணித்தியாலங்களைத் தாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அங்கே உயிர்காப்புப் பயிற்சி பெற்றவர்கள் விடுமுறையில் வந்து இரண்டு தங்கைமாரையாவது பயிற்றுநராக்கிவிட்டுப் போங்கள். உள்ளூரில் இருக்கும் தாய்மாரே, மகளை அனுப்புவதற்கு முன் நீங்கள் வந்து தண்ணீரில் இறங்குங்கள். அறுபது வயதிலும் மிதக்கப் பழகலாம். பழகிய அக்காமார் இச்சபையிலேயே இருக்கிறார்கள்.